கண் திறந்த படம்

"கண்ணைத் திறக்க வைக்க முடியுமாண்ணே?" என்று கேட்டார் பிளம்பர்.

ஸ்டூடியோக்காரர் கணினித் திரையில் இருந்த பையனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் வகுப்புக் குழுப் படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கிய முகம். படிய வாரிய தலை. கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை. சிரிப்பெல்லாம் சரியாகத்தான் விழுந்திருந்தது. கண்கள் மட்டும் இறுக்க மூடியிருந்தன.

குழுப் படம் என்றால் எப்போதும் நாலைந்து தடவை எடுப்பார். ஒருவன் கண்ணைச் சிமிட்டுவான், ஒருத்தி பக்கத்தில் இருப்பவளைக் கிள்ளுவாள். அன்று முதல் கிளிக்கிலேயே போர் விமானச் சத்தம் கேட்டுவிட்டது. டீச்சர் கோழிக்குஞ்சுகளை அடைப்பது போலப் பிள்ளைகளை உள்ளே ஓட்டிக்கொண்டு போனார். குண்டு எதுவும் விழவில்லை. "இன்னொரு நாள் எடுத்துக்கலாம்" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார்.

அடுத்த வாரம் விழுந்தது. பள்ளிக்கூடத்தின் மேலேயே விழுந்தது. அந்த வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையும் வீடு திரும்பவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வந்தார்கள். எங்கள் பிள்ளையை மட்டும் தனியாக எடுத்துக் கொடுங்கள் என்றார்கள். எடுத்துக் கொடுத்தார். பக்கத்துப் பிள்ளையின் தோளை அழித்தார். பின்னால் தெரிந்த கையை அழித்தார். முகத்தைச் சுற்றி நீலம் பூசினார். யாரோடும் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. பேசினால் உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார்ந்தால் அழுவார்கள்.

கண்ணைத் திறக்கச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை.

"வேற படமே இல்லையா?"

"கேமராவைக் கண்டாலே மூடிக்குவாண்ணே. போன்ல இருக்கிறது எல்லாமே இந்த லட்சணம்தான். அவங்கம்மாவுக்கு அதுல ஒரே சிரிப்பு." பிளம்பரும் சிரிக்கப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டது. "போன வாரம் கொடுத்தீங்களே, அதைச் சுவத்துப் பக்கமா திருப்பி வெச்சிருக்கா. கடைசியா பார்த்தப்பவும் கண்ணு மூடித்தானே இருந்துச்சுங்கறா."

ஸ்டூடியோக்காரர் நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்க."

மூடிய கண்ணைத் திறக்க ஒரே வழிதான். வேறொருவர் கண்ணை எடுத்து வைக்க வேண்டும். அதுவும் அதே படத்தில், அதே வெயிலில் நின்ற பிள்ளையின் கண்ணாக இருந்தால்தான் ஒட்டும். இடது பக்கம் நின்றவனுக்கு மூக்குக் கண்ணாடி. வலது பக்கத்துப் பெண் வெயில் கூசிக் கண்ணைச் சுருக்கியிருந்தாள். பின்வரிசை நெட்டையனின் கண்ணை வைத்துப் பார்த்தார். பையன் யாரையோ அடிக்கப் போவது போல ஆகிவிட்டான். அழித்தார்.

பிளம்பருக்குச் சும்மா உட்கார முடியவில்லை. மூலையில் கை கழுவும் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கேட்காமலே எழுந்து போய், பையிலிருந்து ஸ்பானரை எடுத்து இறுக்க ஆரம்பித்தார்.

ஸ்டூடியோக்காரர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். கொஞ்ச நாளாக அவர் கடையிலேயே படுத்துக்கொள்கிறார். வீட்டுச் சாவி இழுப்பறையில் கிடக்கிறது. விளக்கை அணைத்த பிறகு அந்தச் சொட்டுச் சத்தம்தான் துணை. ஆனால் அதை எப்படிச் சொல்வது?

சத்தம் நின்றது.

கடை திடீரென்று பெரிதாகிவிட்டது போல இருந்தது. உடைந்த ஜன்னலில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் மட்டும் காற்றுக்குப் படபடத்தது. அவர் மவுஸைப் பிடித்தபடியே அசையாமல் இருந்தார். பிறகு உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, முன்வரிசையின் ஓரத்துக்குப் போனார். பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.

இரண்டு கண்கள் திரை முழுக்க வந்து நின்றன.

கூச்சமே இல்லாத கண்கள். வெயிலையும் சட்டை செய்யவில்லை, கேமராவையும் சட்டை செய்யவில்லை.

வெட்டினார். கொண்டுவந்து பையனின் முகத்தில் வைத்தார். இமை ஓரத்தைக் கொஞ்சம் இழைத்துவிட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். சின்ன வேலை. அதற்கு அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

படம் பிரிண்டரிலிருந்து மெல்ல இறங்கியது. பிளம்பர் ஈரக் கையைச் சட்டையில் தேய்த்துவிட்டு ஓரத்தை மட்டும் பிடித்து வாங்கினார். கிட்டே வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார்.

"இவனேதாண்ணே," என்றார். "இப்படித்தான் பார்ப்பான். இதே பார்வைதான்."

படத்தை மார்போடு அணைக்கப் போனார்.

"மை காயலை. சட்டையில பட்டுடாம கொண்டு போங்க."

வாசல்வரை போனவர் நின்றார். கடைச் சுவரை ஒரு சுற்றுப் பார்த்தார். மணமக்கள், கைக்குழந்தைகள், விறைப்பாக உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள்.

"பாப்பா படத்தை இன்னும் மாட்டலையாண்ணே? உங்க பொண்ணும் இவனும் ஒரே வகுப்புதானே. அவ உங்களைப் பார்த்தபடியே நின்னிருப்பாளே."

"மாட்டணும்," என்றார் ஸ்டூடியோக்காரர். "பெருசாக்கிப் பார்க்கத் தைரியம் வரலை."

இன்று காலைவரை அது உண்மையாகத்தான் இருந்தது.

பிளம்பர் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினார். மை ஒட்டிவிடக் கூடாதென்று படத்தின் முகத்தை வெளியே, முதுகுப் பக்கம் பார்க்க வைத்து, தூங்கும் பிள்ளையைத் தூக்கிப் போவது போலத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார்.

தெருமுனை திரும்பும்வரை, பாப்பா அப்பாவைப் பார்த்துக்கொண்டே போனாள்.