பளபளத்த தரை

புது மாலின் வாசலில் நின்ற செல்லக்கிளி, உள்ளே பளபளத்த தரையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனாள்.

கண்ணாடிக் கதவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இது என்ன கோயிலா? செக்யூரிட்டி வந்தா உன்னைக் குப்பையில தூக்கிப் போடப்போறார்," என்றது செருப்பிடம்.

செருப்பு நடுங்கியது.

"நீ சும்மா இரு," என்று தரை கதவை அதட்டியது. "திறந்த நாள்லருந்து எத்தனையோ பேர் என்மேல நடந்துட்டாங்க. என் அழகுக்கு மரியாதை குடுத்தவ இவ ஒருத்திதான்."

செக்யூரிட்டி துடைப்பத்தோடு வந்தார். அதற்குள் ஒரு குடும்பம் அந்தச் செருப்பைப் பார்த்தது. மறுபேச்சில்லாமல் பக்கத்திலேயே தங்கள் செருப்புகளையும் கழற்றி வைத்தது. அடுத்து வந்தவர்களும் அப்படியே செய்தார்கள்.

கதவு சத்தமில்லாமல் திறந்து வழிவிட்டது. செக்யூரிட்டி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, குனிந்து தன் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.