குரைத்தால் தனி

'நாய்களை அன்போடு வரவேற்கிறோம்' என்ற பலகையை நம்பி, செவலை நாய் மூன்று எலும்புகளோடு அந்த விடுதிக்குள் நுழைந்தது.

மேனேஜர் பூனை இளித்தது. "வாங்க சார்! வாடகை ஒரே ஒரு எலும்புதான். முடி கொட்டுறதுக்கு ஒண்ணு. வாலாட்டினா பூச்சாடி விழும், அதுக்கு ஒண்ணு. சோபா, மாடி, தோட்டம் பக்கம் போகக்கூடாது. குரைச்சா தனியா ரெண்டு."

கொண்டுவந்தது அத்தனையும் காலி. "நான் குரைக்கவே மாட்டேன், தாயி" என்று செவலை வாசல் மிதியடியில் சுருண்டு படுத்தது.

மத்தியானம் ஒரு நரி கல்லாவிலிருந்த எலும்புக்கூடையைத் தூக்கிக்கொண்டு, செவலையைத் தாண்டி ஓடியது.

"திருடன்! குரைங்க சார், குரைங்க!" என்று பூனை அலறியது.

செவலை ஒரு கண்ணை மட்டும் திறந்தது. "ரெண்டு எலும்புக்கு நான் எங்க போவேன், தாயி?"