தோளில் ஒரு தட்டு

கண்ணை மூடி நின்றாள். தட்டு இன்னும் வரவில்லை.

வரும். எப்போதும் வந்துவிடும்.

காது கேளாதோர் சங்கத்தில் மௌன அஞ்சலி. எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ! வாயை மூடிக்கொண்டிருப்பது இங்கே யாருக்குப் பெரிய காரியம்? அதனால் இவர்களுக்கு மௌனம் என்றால் கையைத் தொங்கவிடுவது, கண்ணை மூடிக்கொள்வது.

மூடியபின் முடிந்தது என்று எப்படித் தெரியும்? மைக்கில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. கையை ஆட்டினாலும் தெரியாது.

அதற்குத்தான் சவரிமுத்து அண்ணன் இருந்தார். செயற்குழு உறுப்பினர். முன்வரிசையின் இடது ஓரத்தில், அவர் மட்டும் கண்ணைத் திறந்து வாட்சைப் பார்த்தபடி நிற்பார். நேரம் ஆனதும் பக்கத்தில் நிற்கும் இவள் தோளைத் தட்டுவார். இவள் அடுத்தவர் தோளை. அவர் அதற்கடுத்தவரை. வரிசை வரிசையாகத் தட்டு பின்னால் போகும். கூடமே கண் திறக்கும்.

இன்று அஞ்சலி அவருக்கே.

என்ன எழவோ, யாருக்கும் அது உறைக்கவில்லை. மாலை வாங்கினார்கள். படத்துக்குச் சட்டம் போட்டார்கள். டீக்குச் சொன்னார்கள். தட்டுவது யார் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

அவளும்தான்.

வழக்கத்தை மீறிக் கண்ணைத் திறந்தாள்.

இடப்பக்கம் வெறும் தரை.

மேடையில் சிறப்பு விருந்தினர் எப்போதோ உட்கார்ந்துவிட்டிருந்தார். ஏன் யாரும் உட்காரவில்லை என்று திருதிருவென விழித்துக்கொண்டிருந்தார். அவர் பேச்சைச் சைகையில் சொல்ல வந்த ஜெசிந்தாவின் கைகள் சும்மா தொங்கின. கண்ணை மூடிக்கொண்டவர்களுக்கு என்னத்தைச் சொல்லிக் காட்டுவது?

ஜெசிந்தா இவளைப் பார்த்தாள். விரலை நீட்டினாள்.

நீதான் தட்டணும்.

மாட்டேன் என்று இவள் தலையை ஆட்டினாள்.

நேற்றே சொல்லியாகிவிட்டது. அண்ணன் இடத்துக்கு நீ வா என்று செயற்குழு கேட்டபோது விருட்டென்று எழுந்து வந்துவிட்டாள். மண் போட்ட ஈரம் காயவில்லை, அதற்குள் ஆள் தேடுகிறார்களாம். புருஷன் வீட்டில் கழுத்தைப் பிடித்துத் தெருவில் தள்ளிய அன்று, ஓட்டை டிவிஎஸ்ஸில் வந்து அவளையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போன மனுஷன் அவர். அந்த இடத்தில் இவள் போய் நிற்பதா? நின்றால், அவர் போய்விட்டார் என்று இவளே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

தட்டினாலும் அப்படித்தான்.

தட்டாவிட்டால்?

திரும்பிப் பார்த்தாள். கூடம் முழுக்க மூடிய கண்கள். ஒருத்தர்கூடத் திருட்டுத்தனமாகப் பார்க்கவில்லை. அண்ணன் தட்டாமல் திறக்கமாட்டார்கள். வலப்பக்கம் முத்துப்பேச்சி அக்காவுக்கு முழங்கால் நடுங்கியது. பின்னால் கிடந்த தன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, அப்போதும் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். விட்டால் விழுகிறவரை நிற்பாள்.

பாவி மனுஷா, இப்படி விட்டுவிட்டுப் போனாயே.

அக்காவின் தோளைத் தட்டினாள்.

தட்டு நகர்ந்தது. அடுத்த தோள். அதற்கடுத்தது. பின்வரிசைவரை போய்ச் சேர்ந்தது.

கண்கள் திறந்தன. யாரும் இவளைப் பார்க்கவில்லை. பழக்கதோஷம். எல்லோரும் இடது ஓரத்தைப் பார்த்தார்கள். அங்கிருந்து அண்ணன் முகவாயைத் தூக்கிக் கேட்பார், எல்லாரும் முழிச்சாச்சா? இவர்கள் கட்டைவிரலை உயர்த்துவார்கள்.

சில விரல்கள் உயர்ந்தேவிட்டன.

உயர்ந்த விரல்கள் அப்படியே நின்றன.

பிறகு வாய்கள் திறந்தன. முத்துப்பேச்சி அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். விருந்தினர் பதறிப்போய் நாற்காலியை விட்டு எழுந்தார். ஜெசிந்தா காதைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று இவளுக்குத் தெரியாது. கூடத்தில் அழுத யாருக்கும் தெரியாது.

அழுதுகொண்டே அந்த வெறும் தரையையே பார்த்தார்கள். கண்ணை எடுக்கவில்லை.

அவளால் தாங்க முடியவில்லை.

இடப்பக்கம் ஓர் அடி நகர்ந்து நின்றாள். கண்ணைத் துடைத்தாள்.

முகவாயைத் தூக்கினாள்.