வெங்காயச் சவ்வு

மாசாய் நகரின் அடுக்குமாடி வீடொன்றின் சமையலறையில் சாயங்கால வெயில் சரிந்து கிடக்கிறது. கணினிச் சிப் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட் முடித்து வந்த தமயந்தி, வெங்காயத்திலிருந்து கண்ணாடி போன்ற சவ்வொன்றை உரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறாள். "ஸ்கூல்ல ஃபார்ம் ஃபோர் படிக்கறப்ப இதத்தான் மைக்ராஸ்கோப்ல பார்த்தோம். செங்கல் அடுக்கின மாதிரி செல்லு. பெல் அடிச்சும் நான் எழுந்திருக்கல. சயன்ஸ்னா அவ்ளோ பைத்தியம்." வீட்டுப்பாடம் எழுதும் மகள் ஷர்வினி நிமிர்கிறாள். "இப்பவும் வேலையில மைக்ராஸ்கோப்லதானம்மா பார்க்கறீங்க?" "ஆமா, பதினெட்டு வருஷமா." "அதுல என்ன தெரியும்?" தமயந்தியின் கண்ணைச் சுற்றி மைக்ராஸ்கோப் அழுத்திய வளையம் இன்னும் மறையவில்லை. "சிப்புல கீறல் இருக்கா இல்லையான்னு பார்ப்பேன். இருந்தா தூக்கிப் போட்டுடுவேன். அவ்ளோதான் லா." பேசிக்கொண்டே கைப்பழக்கத்தில் சவ்வைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். ஓரத்தில் சிறு கிழிசல். உடனே அதைக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுக்கிறாள்.