பூசி மறைத்த வெடிப்பு

நிலம் அதிர்ந்ததில் கறையான் புற்று நடுவில் பிளந்து பாதி முட்டைகள் நசுங்கிவிட்டன. கொத்தனார்க் கறையான் வழக்கம்போல அதே இடத்தில் வெடிப்பைப் பூச ஆரம்பித்தது.

"மறுபடியும் இங்கேயேவா?" என்றது ராணி.

"இந்த நிலம் இதற்குமுன் அசைந்ததே இல்லை, தாயே. தழும்பு ஏதாவது தெரிகிறதா?"

"பூசிப் பூசி மறைத்தால் எப்படித் தெரியும்?" என்று கேட்டது அடுத்த வளைப் பிள்ளைப்பூச்சி. வெடிப்புக்குக் குறுக்கே பள்ளம் தோண்டியது. பழைய காட்டுத்தீயின் கரி அடுக்கு, வெடிப்புக்கு ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட நான்கு விரற்கடை தாழ்ந்து கிடந்தது. அதற்கும் அடியிலிருந்த மணல் அடுக்கு எட்டு விரற்கடை தாழ்ந்திருந்தது.

"நேற்று இறங்கியது இரண்டே விரற்கடை. மீதி எப்போது இறங்கியது, கொத்தனாரே?"

கொத்தனார் வாயிலிருந்த மண்ணைத் துப்பியது.

அடுத்த முறை நிலம் பிளந்தபோது பழைய இடத்தில் ஒரு முட்டைகூட இல்லை. எல்லாவற்றையும் தூரத்து மேட்டுக்கு முன்பே மாற்ற வைத்திருந்தது பிள்ளைப்பூச்சி.