மூன்றாவது திரை

மூன்றாவது திரைக்கு உயிர் வந்துவிட்டது. எட்டிப் பார்த்த அவனுக்குத்தான் உயிர் போகிறது. அக்கா கணவரின் போட்டோ ஸ்டுடியோ. பாதி ஏறிய ஷட்டருக்கு அடியில் காலை வெயில் வழிகிறது. லினக்ஸ் கணினியின் பக்க மூடி கழன்று கிடக்க, உள்ளே இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளின் விசிறிகளும் இரைகின்றன. முதல் கார்டில் மாட்டிய இரண்டு திரைகள் அவனுக்கு நேரே இருக்கின்றன. இரண்டாவதில் மாட்டிய மூன்றாவது திரை, வாடிக்கையாளர்கள் தங்கள் படத்தைப் பார்ப்பதற்காக மேசையின் மறுபக்கம் திரும்பி நிற்கிறது. நேற்றிலிருந்து இருண்டு கிடந்த அதை எழுப்பத்தான் சற்றுமுன் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றினான். திரைகள் இமைத்துத் திரும்பியபோது, நண்பனோடு அரட்டையடித்த சாட் ஜன்னலைக் காணோம். தானாக மூடிக்கொண்டது என்று நினைத்துவிட்டான். அது இந்த மூன்றாவது திரைக்குத் தாவி, முழுக்க விரிந்து கிடக்கிறது. 'மாமாவுக்கு ஒரு மண்ணும் தெரியாது. கடையே என் தலையிலதான் ஓடுது.' கீழே பல்லிளிக்கும் மஞ்சள் பொம்மை. அதுவும் அவன் போட்டதுதான்.

திரைக்கு எதிரே மாமா இரண்டு கையிலும் டீ டம்ளரோடு நிற்கிறார். அவருடைய மூக்குக் கண்ணாடியில் நீல வெளிச்சம் படிந்திருக்கிறது. உள்ளே விழிகள் வரிவரியாக நகர்கின்றன.

"வந்துடுச்சுப்பா," என்கிறார். "எழுத்தெல்லாம் நல்லாவே தெரியுது."

"மாமா, அது... சும்மா..."

காது மடல் சுடுகிறது. வெளியே பைக் வந்து நிற்கும் சத்தம். அவர் ஒரு டம்ளரை அவன் பக்கம் நகர்த்தி வைக்கிறார்; ஓசைப்படாமல் அந்தத் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்புகிறார்.

"ஆள் வருது. அதை மூடிட்டு டீயைக் குடி, ஆறிடும்."