புல்லைக் கவ்விய தூக்கம்

கையை நீட்டி அந்தக் கேமரா ஃப்ளாஷை அவள் வாங்கியிருக்கக் கூடாது.

வாங்கிவிட்டாள். பழக்கதோஷம்.

தன்னிடமிருந்த வீட்டுச் சாவியைக் கணவனிடம் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்தாள். வீடு பூட்டியிருந்தது. சாவியைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. இந்த விடியற்காலையில் அவன் எங்கே இருப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்குப் பின்னால் புல்வெளியில், பனி ஈரத்தில், குப்புறப் படுத்துக் கிடந்தான்.

"சாவியக் குடுத்துட்டு உடனே வந்துடு. அங்க உக்காந்து பேச ஆரம்பிச்சிடாத" என்று அண்ணன் காரில் இருந்தபடியே சொல்லி அனுப்பியிருந்தான். கார் பாதையோரம் நின்றது. அவளுடைய பெட்டிகளெல்லாம் அதில்தான் இருந்தன.

அவள் பேசவில்லை. ஒரு வார்த்தைகூட. அந்த விஷயத்தில் அண்ணன் குறை சொல்ல முடியாது.

கணவன் ஒரு கையில் கேமராவும் இன்னொரு கையில் ஃப்ளாஷுமாகத் திண்டாடிக்கொண்டிருந்தான். ஃப்ளாஷ் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே இருந்தது. அதன் மேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணி, பழைய தலையணை உறையை வெட்டி அவளே தைத்தது. வெளிச்சம் அவன் படமெடுக்கும் பூச்சியின் மேல் சுள்ளென்று விழாமல் பாலாக இறங்குவதற்காக.

அவள் பக்கத்தில் மண்டியிட்டு அதை வாங்கிக்கொண்டாள். எந்தக் கோணத்தில் பிடிக்க வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

புல் நுனியில் ஒரு தேனீ தூங்கிக்கொண்டிருந்தது.

சுண்டுவிரல் நகத்தளவு. வயிற்றில் நீல வரிகள். இந்த வகையில் ஆண் தேனீக்கு வீடு வாசல் கிடையாது. பொழுது சாய்ந்தால் கிடைத்த புல்லைத் தாடையால் கவ்விக்கொண்டு, காலெல்லாம் காற்றில் தொங்க, அப்படியே தூங்கிவிடும். உடம்பு முழுக்கப் பனித்துளி பூத்திருக்கும். வெயில் பட்டு உடம்பு சூடேறும்வரை அதனால் பறக்க முடியாது.

அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. தூங்கும் பூச்சியை எழுப்பக் கூடாது. காலடி வைத்தால் தரை அதிரும், புல் ஆடும். அதனால் அது தானாக விழித்துப் பறக்கும்வரை இருவரும் இடத்தை விட்டு அசையக் கூடாது. என்ன தலைபோகிற வேலையானாலும் சரி. ஒரு தும்பி விழிக்கத் தாமதமானதால் அண்ணனுடைய கல்யாணத்துக்கே அவர்கள் தாலி கட்டியபிறகுதான் போய்ச் சேர்ந்தார்கள். அண்ணன் அதை இன்னும் மறக்கவில்லை.

ஆக, தேனீ விழிக்கும்வரை அவள் போக முடியாது. விழித்ததும் போயாக வேண்டும்.

க்ளிக். பால் வெளிச்சம் விழுந்து அணைந்தது.

அந்த லென்ஸில் ஒரு மயிரிழை முன்னே போனால் தேனீயின் மீசை தெளியும், கண் மங்கும். பின்னே வந்தால் கண் தெளியும், மீசை மங்கும். அவன் உலகமே அந்த மயிரிழைக்குள்தான். எறும்பின் காலில் இருக்கும் முடி தெரியும். எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவள் அழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பது தெரியாது. அவளும் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்கு. கடைசியில் நேற்று பெட்டியைக் கட்டினாள். அப்போதும் அவன் போகாதே என்று சொல்லவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான்.

க்ளிக்.

பனிமூட்டத்தில் தூரத்து மரங்கள் பாதி கரைந்திருந்தன. எங்கோ ஒரு பறவை கூப்பிட்டுவிட்டு, பதில் வராததால் பேசாமல் இருந்துவிட்டது. அவன் மூச்சை அடக்கும்போது அவள் மூச்சும் தானாக அடங்கியது. அவன் விடும்போது அவளும் விட்டாள். விழித்துக்கொண்டிருக்கிறோமா என்றே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தான். தோள்பட்டைத் தையல் முழுக்க வெளியே தெரிந்தது. வாசலைத் தாண்டுமுன் சொல்ல ஆளில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது. கழுத்தோரம் நரைத்த முடியில் பனி கோத்திருந்தது. துடைத்துவிடக் கை பரபரத்தது.

போக அவளுக்குப் பிடிக்கவில்லை. இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது?

க்ளிக். க்ளிக்.

பையில் போன் அதிர்ந்தது. அண்ணன்தான். எடுக்கவில்லை. அதிர்ந்து ஓய்ந்தது. தோள் மரத்துப்போயிற்று. முழங்காலில் ஈரம் ஏறி, பிறகு அந்த ஈரமும் காய்ந்து, புடவை மொடமொடத்தது. முதுகில் வெயில் உறைத்தது.

கையை மாற்றிக்கொள்ளலாம் என்று லேசாக நகர்ந்தாள்.

"அசையாத." அவன் கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்கவில்லை. குரல் காற்றைப் போலத்தான் வந்தது. "இன்னும் தூங்குது."

அப்போதுதான் அவள் புல்லைத் திரும்பிப் பார்த்தாள்.

தேனீயின் பாரத்தில் வளைந்திருந்த புல் நேராக நிமிர்ந்து நின்றது. நுனியில் ஒன்றுமில்லை. எப்போதோ பறந்துவிட்டது.

க்ளிக். வெறும் புல்லின் மேல் வெளிச்சம் விழுந்து அணைந்தது.

அவள் ஃப்ளாஷை இன்னொரு கைக்கு மாற்றி, அதே கோணத்தில் பிடித்தாள். எழுப்பிவிடக் கூடாதே என்பதுபோல் அவளும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆமாங்க. நல்ல தூக்கம்."